இடது கதவில் சலங்கை

கதவின் உள்தட்டு டொப்பென்று கழன்று வந்தது சென்னியப்பனுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு ரெஜினா ஆறு திருகாணிகளை ஒவ்வொன்றாக எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டது கேட்கவில்லை. போட்டதைப் பார்த்தார், அவ்வளவுதான். எவர்சில்வரில் ஆணி விழுந்தால் எப்படிச் சத்தம் வரும் என்று ஐம்பத்தாறு வயது மனுசனுக்குத் தெரியாமலில்லை, ஆனால் அந்தச் சத்தத்தை நினைவிலிருந்துதான் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறாவது ஆணிக்குப் போட மறந்துவிட்டார். எட்டு மாசத்து வண்டி. வெள்ளை எஸ்யூவி. நேற்று வரைக்கும் கதவில் விரல் ரேகை பட்டால்கூட வேட்டி நுனியால் துடைத்தவர், இன்று காலை பத்து மணிக்கு அதைக் காந்திபுரத்துக் குறுக்குத்தெருவில் இந்தக் கார் ஸ்பீக்கர் கடைக்குள் விட்டு, நாலு கதவையும் பிரித்துப் போடுவதை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கதவுக்குள்ளே இப்படி வெறும் தகரமாக, ஓட்டை ஓட்டையாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. ஓட்டைக்குள்ளிருந்து ஒயர்கள் தொங்கின. எந்த ஒயர் எதற்குப் போகிறதோ. கண்ணாடி ஏறுமா இனிமேல். ஏறாவிட்டால் வீட்டுக்காரி துளசிமணிக்கு என்ன சொல்வது. ரெஜினா தலையை வெளியே நீட்டி ஏதோ கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் சரியென்று உள்ளே போனாள். எதற்குத் தலையாட்டினோம் என்று அவருக்குத் தெரியவில்லை. டீ வேணுமா என்று கேட்டிருக்கலாம், இந்த ஒயரை வெட்டட்டுமா என்றும் கேட்டிருக்கலாம். நாலைந்து வருசமாகவே இப்படித்தான், எதிரில் இருப்பவர் முகம் கேள்வி கேட்பதுபோல இருந்தால் தலையாட்டிவிடுவது, சிரிப்பதுபோல இருந்தால் சிரித்துவிடுவது. முக்கால்வாசி நேரம் பொருந்திப் போய்விடுகிறது. மீதி கால்வாசியில்தான் வாழ்க்கை போய்க்கொண்டிருக்கிறது.

டீ வந்தது. நல்லவேளை. ரெஜினா கையில் எதையோ கொண்டுவந்து நீட்டினாள். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயசு இருக்கும். கொண்டையைப் பென்சிலால் குத்தி வைத்திருந்தாள், முழங்கை வரை கருப்புப் பிசின். கடை அவளுடையது, வேலையும் அவளே. பெங்களூரில் பத்து வருசம் இதே தொழில் என்று, விசாரிக்க வந்த முதல் நாளே சொல்லியிருந்தாள். “இதாங்ணா கம்பெனிக்காரன் வெச்ச ஸ்பீக்கர், தூக்கிப் பாருங்க” என்றாள், பக்கத்தில் நின்று முகம் பார்த்துச் சொன்னதால் கேட்டது. தூக்கிப் பார்த்தார். வடாம் கனம்கூட இல்லை. காகிதக் கூம்பு, நடுவே ஒரு பொட்டு. இதை வைத்துக்கொண்டா இத்தனை பெரிய வண்டி. அவருக்குச் சட்டென்று ஒரு சந்தோசம் வந்தது: குற்றம் இதன்மேல்தான், என் காதின்மேல் இல்லை. அந்தச் சந்தோசம் டீ ஆறும்வரை இருந்தது. அப்புறம் தறிக்குடோன் ஞாபகம் வந்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பதினாலு வயதில் சோமனூரில் பெரியப்பாவின் குடோனில் நூல் தீர்ந்த தார்க்குச்சி மாற்ற நின்றது முதல் இன்று சொந்தமாக இருபத்துநாலு விசைத்தறி ஓட்டுவது வரை நாற்பத்திரண்டு வருசம், அந்தச் சத்தத்துக்குள்ளேயேதான். ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா இந்தப் பக்கம் அடித்து அந்தப் பக்கம் அடித்து, ஒரு தறிக்கு நிமிசத்துக்கு நூற்றைம்பது அடி, இருபத்துநாலு தறி. ஊரில் எல்லாரும் சத்தமாகத்தான் பேசுவார்கள். வெளியூரிலிருந்து வந்து கட்டிக்கொண்ட பெண்கள் முதல் மாசம் எல்லாரும் சண்டை போடுவதாக நினைத்து அழுவார்கள். துளசிமணியும் அழுதிருக்கிறாள். காது போவது என்றால் விளக்கை அணைத்ததுபோல ஒருநாள் போகும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படிப் போகவில்லை. எழுத்து எழுத்தாகப் போனது. முதலில் ‘ஸ’ போனது. பின்னால் ‘ச’. இடி கேட்கும், லாரி கேட்கும், ஆம்பளை பேசுவது கேட்கும், பெண்கள் பேசினால் சொல்லின் வயிறு மட்டும் வந்து தலையும் காலும் வராது. போன ஆடியில் துளசிமணி அடுப்படியிலிருந்து “சோப்பு வாங்கிட்டு வாங்க” என்றாள். அவருக்குத் ‘தோப்பு’ என்று கேட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு தென்னந்தோப்புக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மட்டை விழுந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். துளசிமணி சோப்புக்குக் கையை நீட்டினாள். அவர் “மட்டை நாலு விழுந்து கெடக்குது” என்றார். அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, “மறதி சாஸ்தியாயிப் போச்சு உங்களுக்கு” என்றாள். மறதி என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். மறதிக்கு ஒரு மரியாதை இருக்கிறது, தலையில் ஆயிரம் யோசனை ஓடுகிற ஆள் என்று அர்த்தம். செவிட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். குடோனில் பாவு நூல் பிணைக்க வரும் காளியண்ணனை எல்லாரும் எப்படி முதுகுக்குப் பின்னால் நடித்துக் காட்டுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அவரே நடித்துக் காட்டியிருக்கிறார்.

ரெஜினா கதவுத் தகரத்தின்மேல் கருப்பு ரப்பர் ஷீட்டை ஒட்டி உருளையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டின இடத்தையும் ஒட்டாத இடத்தையும் விரல் முட்டியால் தட்டிக் காட்டினாள். ஒட்டாத இடம் டங்கென்றது, ஒட்டின இடம் தொப்பென்றது. அது அவருக்குக் கேட்டது, கேட்டதற்காகவே சிரித்தார். தகரம் சும்மா இருந்தால்தானே பாட்டு வரும், தகரமும் சேர்ந்து பாடினால் என்ன வரும் என்று நினைத்தபோது கும்மி ஞாபகம் வந்துவிட்டது. எதை நினைத்தாலும் கடைசியில் அங்கே வந்துதான் நிற்கிறது. மாசியில் கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு பெரிய மைதானத்தில் வள்ளிக் கும்மி அரங்கேற்றம், இருநூறு பெண்கள், ஒரே நிறச் சேலை. துளசிமணி நாற்பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தாள். மூன்று மாசம் மொட்டை மாடியில் தனியாகக் கால் போட்டுப் பழகினாள், முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மறுபடியும் பழகினாள். இவர்கள் குழுவில் காலுக்குச் சலங்கை கட்டுவது உண்டு. கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது அவளுக்கே அவளை அடையாளம் தெரியவில்லை என்றாள். அரங்கேற்றத்தன்று அவர் முன்வரிசை நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். பம்பை மேளம் கேட்டது. கும்மி வாத்தியார் பாட்டில் பாதி கேட்டது. இருநூறு ஜோடிக் கால் ஒரே நேரத்தில் மண்ணில் இறங்கியது நாற்காலியின் கால் வழியாக ஏறி இடுப்பில் கேட்டது. சலங்கை கேட்கவில்லை. நானூறு கால் சலங்கை கண்ணெதிரே குலுங்குகிறது, பித்தளை வெளிச்சத்தில் மின்னுகிறது, சத்தமே இல்லை. பக்கத்தில் மகள் கவிநிலா ஃபோனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே, “அப்பா, கேளுங்களே!” என்று கண்ணில் தண்ணீரோடு சொன்னாள், அதை உதட்டிலிருந்து படித்தார். திரும்பி வரும்போது வண்டியில் துளசிமணி வேர்வையும் மல்லிகையுமாக உட்கார்ந்துகொண்டு கேட்டாள், சலங்கைச் சத்தம் எப்படி இருந்துச்சுங்க. “நல்லா இருந்துச்சு” என்றார். “நம்ம வரிசை தனியாத் தெரிஞ்சுதா?” “தெரிஞ்சுது. ஜம்முனு இருந்துச்சு.” அவள் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். அடுத்த நாள் அக்கம்பக்கத்தில் எல்லாம், ‘அவரே சொன்னாரு, எங்க வரிச தனியாக் கேட்டுச்சாம்’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். முப்பது வருசத்தில் அவர் அவளிடம் பொய் சொன்னதே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் இதுமாதிரி ஒரு பொய், அவள் எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றிய பொய், இது ஒன்றுதான்.

கவிநிலா எடுத்த அந்தப் பதிவை அவர் எத்தனை தடவை வண்டியில் போட்டிருப்பார். தனியாக வரும்போது, அவிநாசி ரோட்டில் ஓரமாக நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு. பம்பை வந்தது, கதவு அதிர்ந்தது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. சத்தத்தைக் கூட்டினால் கதவு இன்னும் அதிர்ந்தது. அப்புறம் சித்திரையில் நூல் வியாபாரி ஒருவரின் காரில் திருப்பூர் வரை போனபோது, பாட்டுக்கு நடுவில் ஏதோ ஒன்று, கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்டதுபோல, டிங்கென்று கேட்டது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பல வருசமாகியிருந்தது. எங்கே வைத்தீர்கள் இந்த செட் என்று கேட்டு இடத்தை எழுதி வாங்கிக்கொண்டார். வீட்டில் சொன்னபோது துளசிமணி, நல்லா இருக்கற வண்டியப் பிரிச்சுப் போட்டு என்னத்துக்குங்க, பாட்டுக் கேக்கற வயசா என்றாள். “கம்பெனி செட்டு கரகரங்குது” என்று மட்டும் சொன்னார். இன்று அவளும் கூடவே கிளம்பி வந்து, ரவிக்கை தைக்கக் கொடுத்த கடையில் இறங்கிக்கொண்டாள். இரண்டு மணிக்கு இங்கே வருவாள். இப்போது பன்னிரண்டரை. கதவுகள் மூடியாகிவிட்டன, கண்ணாடி ஏறியது, இறங்கியது. முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் இரண்டு பக்கமும் ரூபாய் நாணயம் அளவுக்குச் சின்ன ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது, ஆம்ப்ளிஃபையர் சீட்டுக்கு அடியில். ரெஜினா அவர் தலை வரும் உயரத்தில் ஒரு குச்சி மைக்கைக் கட்டிவிட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலாக ஒரு சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனாள். அவர் ஓட்டுனர் சீட்டில், அவள் பக்கத்து சீட்டில். சத்தம் முதலில் வயிற்றில் இருந்தது, நெஞ்சுக்கு வந்தது, தொண்டைக்கு வந்தது, விசில்போல நெற்றிக்கு வந்தது, மெலிந்தது, நூலானது, அறுந்தது. முடிந்ததென்று அவர் அவளைப் பார்த்தார். முடியவில்லை. அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். லேப்டாப்பில் கோடு ஏறிக்கொண்டே போனது, அவள் கண் அதோடு போனது, ஒரு இடத்தில் லேசாக முகம் சுளித்தாள், அத்தனை கூர்மையான ஏதோ ஒன்று அந்த வண்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அவர் வண்டிக்குள், அவர் காதுக்கு ஒரு முழம் தள்ளி. கோட்டில் பாதிகூட அவருக்கு வரவில்லை. இத்தனையா போயிருக்கிறது. இத்தனையா. காகிதக் கூம்புமேல் போட்ட குற்றம் எழுந்து வந்து மறுபடியும் அவர் மடியில் உட்கார்ந்தது.

“அளவு அச்சா வந்துருச்சுங்ணா” என்றாள் ரெஜினா. அவள் முகத்தில் வேலை முடித்த பெருமை. “உங்க பாட்டு எதாச்சும் போட்டுப் பாருங்க.” அவர் கும்மியைப் போட்டார். பம்பை விழுந்தது, அடேயப்பா, இது அந்தப் பழைய பம்பை இல்லை, தோலின்மேல் விரல் விழுவது தெரிந்தது, கதவு வாயைத் திறக்கவில்லை, வாத்தியார் நடுக்கண்ணாடிக்கு நேரே வந்து நின்று பாடினார், சொல் சொல்லாக, முதல் தடவையாகப் பாட்டின் அர்த்தம் புரிந்தது. ரெஜினா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். “ஐயோ, சலங்கை எவ்ளோ நல்லா வருதுங்ணா! யாருங்ணா இது?” சலங்கை. அவர் தூணில் இருந்த சின்ன ஸ்பீக்கரைப் பார்த்தார். அதிலிருந்து வருகிறதாம். காதைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார், ஒன்றுமில்லை. சரி, இவ்வளவுதான், இது போதும், வாத்தியார் பாட்டாவது கிடைத்தது, எழுந்து போய்விடலாம். வாயில் அந்த வார்த்தை ரெடியாக இருந்தது. நல்லா இருக்குது. மாசியில் சொன்ன அதே வார்த்தை. சொன்னால் இந்தப் பெண் சிரிப்பாள், இரண்டு மணிக்குத் துளசிமணி வருவாள், அவளும் சிரிப்பாள், அவர் நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேர் உதட்டையும் படித்துக்கொண்டு இன்னும் இருபது வருசம் தலையாட்டலாம். காளியண்ணன் அப்படித்தான் ஆட்டுகிறான். அவன் மகள் கல்யாணத்தில் மேளம் நின்ற பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தான். நல்லா, என்று வாய் ஆரம்பித்துவிட்டது. “நல்லா...” அதோடு நின்றது. நாடா பாவுக்குள் சிக்கினால் தறி நிற்குமே, அதுபோல நின்றது. ரெஜினா கண்ணைத் திறந்தாள்.

“அம்மிணி, எனக்குக் காது கேக்காது.”

சொல்லிவிட்டார். சொன்ன சத்தம் புது ஸ்பீக்கரில் வந்ததுபோல வண்டி முழுக்க நின்றது. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. யாரும் பார்க்கவில்லை. ரெஜினா பாட்டை நிறுத்தினாள். பரிதாபப்படுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவி, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, “எதுக்கு மேல கேக்கலீங்ணா?” என்றாள். எந்த ஆணி கழன்றிருக்கிறது என்று கேட்பதுபோல. “தெரியல. சலங்கை கேக்கல. பொம்பளைங்க பேச்சுல பாதி கேக்கல. தறிக்காரன் நானு.” “இதை மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? மைக்குக்கு அளவு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் நான். கேக்கப் போறது மைக்கா, நீங்களா?” திட்டுகிறாள். அவருக்கு அந்தத் திட்டு அவ்வளவு இதமாக இருந்தது. மைக்கைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டாள். ஒவ்வொரு சத்தமாக வைத்தாள், கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னாள். தூக்கினார், தூக்கினார், தூக்கவில்லை, அவள் கொஞ்சம் ஏற்றினாள், இன்னும் கொஞ்சம், எங்கோ தூரத்தில் ஒரு கொசு, தூக்கினார். இடது பக்கம் தனியாக. வலது பக்கம் தனியாக. வலது இன்னும் மோசம். அவருடைய விரலுக்குத் தக்கபடி லேப்டாப்பில் ஒரு கோடு வளைந்து ஏறியது, நாற்பத்திரண்டு வருசம் தறி தின்ற இடமெல்லாம் அந்தக் கோட்டில் மேடாக நின்றது. “ரொம்ப ஏத்த மாட்டேங்ணா, இருக்கறதும் போயிரும். நான் டாக்டரு இல்ல. காது டாக்டரப் போய்ப் பாருங்க. வண்டிக்குள்ள மட்டும் நான் பாத்துக்கறேன்.” ரேடியோவில் இரண்டு பொத்தான் காட்டினாள். ஒன்று அவருக்கு, இரண்டு மற்றவர்களுக்கு. “ஒண்ண அமுத்தினா எனக்கே காது வலிக்கும், நான் எறங்கிக்கறேன்” என்று இறங்கிக் கதவைச் சாத்தினாள். கதவு சாத்தியபோது உள்ளே ஒரு அமைதி வந்தது. அவர் ஒன்றை அமுக்கினார்.

பம்பை. வாத்தியார். அப்புறம் மணல் கொட்டியதுபோல ஏதோ ஒன்று, இல்லை, மழை, ஓட்டின்மேல் மழை, இல்லை, அது கால் போட்டு நின்றது, பாட்டுக்கு நின்றது, மறுபடி கால் போட்டபோது சரேலென்று இறங்கியது, சலங்கை. சலங்கை. நானூறு காலும் ஒரே அடியில் இறங்குகிறது, பித்தளை முழுக்கச் சேர்ந்து ஜல்லென்று எழுந்து, விழுந்து, ஒவ்வொரு மணியும் தனித்தனியாகச் சிதறி, சேர்ந்து. அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கத் தோன்றவில்லை. கூட்டத்தில் யாரோ ஒரு குழந்தை கத்துகிறது, யாரோ வளையலைத் தள்ளிவிட்டுக்கொள்கிறார்கள், கவிநிலா ஃபோனுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுகிறாள், இதெல்லாம் அங்கே இருந்ததா, இத்தனை நாளும் இதற்குள்ளேயே இருந்ததா. இடது பக்கம், கதவுக்கு வெகு பக்கத்தில், மற்றதைவிடத் தெளிவாக ஒரே ஒரு ஜோடிச் சலங்கை. ஃபோனுக்கு மிக அருகில், முன்வரிசை இடது ஓரத்தில் நின்றது யார் என்று அவருக்குத் தெரியும். மொட்டை மாடியில் மூன்று மாசம் அவர் தலைக்குமேல் சத்தமில்லாமல் ஆடிய கால். அதை மட்டும் பிடித்துக்கொண்டு போனார், பாவில் ஒற்றை இழையைக் கண்ணால் பிடித்துக்கொண்டு போவதுபோல. இரண்டாம் பாட்டு. மூன்றாம் பாட்டு. நிறுத்தி, பின்னால் போய், மறுபடியும் கேட்டார். சத்தமாகச் சிரித்தார். வெளியே ரெஜினா கண்ணாடி வழியாகப் பார்த்து, கட்டை விரலைத் தூக்கி, என்னவென்று கேட்பதுபோல ஆட்டினாள். அவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

இரண்டு மணிக்குத் துளசிமணி ரவிக்கைப் பையோடு வந்து பக்கத்தில் ஏறிக்கொண்டாள். முடிஞ்சுதுங்களா, பசிக்குது, போலாம் என்றாள். அவர் விரல் ரேடியோவுக்குப் போனது. இரண்டாவது பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் அவளுக்கு அழகாகக் கேட்கும், அவர் தலையாட்டலாம், எல்லாம் பழையபடி நடக்கும். இனிமேல் தனியாக இருக்கும்போது ஒன்று, அவள் இருக்கும்போது இரண்டு. யாருக்கும் தெரியப் போவதில்லை. விரல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. ஒன்றை அமுக்கினார்.

“ஐயோ!” துளசிமணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். “என்னங்க இது, ஊசியா எறங்குது! கொறைங்க!”

“எனக்கு இந்தளவு வெச்சாத்தான் கேக்குது.”

அவள் கையை மெதுவாக எடுத்தாள். எடுத்ததும் முகம் சுளித்தாள், ஆனாலும் மறுபடி பொத்தவில்லை. அவரைப் பார்த்தாள், ரேடியோவைப் பார்த்தாள். கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. சோப்பு, தோப்பு, எல்லாம் அந்த முகத்தில் வந்து போனது.

“அன்னிக்கு?” என்றாள்.

“அன்னிக்கு ஒண்ணுமே கேக்கல, துளசி. பம்பை மட்டுந்தான்.”

“அப்பறம் நல்லா இருந்துச்சுன்னீங்க? ஜம்முனு இருந்துச்சுன்னீங்க? நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே!”

“பயந்துட்டேன்.”

“எதுக்கு?”

“செவுடன்னு சொல்லுவியோன்னு.”

“சொல்லியிருப்பேன். சொல்லிப்போட்டு மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பேன்.” அவள் குரல் உடைந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள், அந்தச் சின்னச் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை, தோள் அசைந்ததை வைத்துத் தெரிந்துகொண்டார். திரும்பாமலேயே, அவருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டாள். “இப்பக் கேக்குதுங்களா?”

“கேக்குது. உங்க வரிச தனியாக் கேக்குது. உன் காலு தனியாக் கேக்குது.”

“சும்மா சொல்லாதீங்க.”

“மூணாவது பாட்டுல திரும்பி நிக்கறப்ப நீ ஒரு அடி பிந்திட்ட.”

துளசிமணி வெடுக்கென்று திரும்பினாள். கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. “நானா? அது சாந்தாமணிங்க! எம் பக்கத்துல நின்னவ, எப்பவும் அவதான் பிந்துவா!”

“முன்னால இருந்து பாக்கறப்ப சாந்தாமணி உனக்கு வலப்பக்கம் நின்னா. இது இடது கதவுல வருது.”

வெளியே ரெஜினா ஒயர்த் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். துளசிமணி ரவிக்கைப் பையைக் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மூணாவது பாட்டுத்தானே? போடுங்க, பாத்தரலாம்” என்றாள். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, சத்தத்தைத் தானே கூட்டினாள்.